கள்ளிமந்தாரை வளர்ப்பு: இலை கொட்டினால் தண்ணீரை நிறுத்துங்கள்

கள்ளிமந்தாரையைப் புதிதாக வளர்ப்பவர்கள் முதல் குளிர்காலத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இலையெல்லாம் கொட்டிப்போச்சு, செடி செத்துடுச்சா?" சாகவில்லை. குளிர் மாதங்கள் வந்ததும் இலைகளை மஞ்சளாக்கி ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, வெறும் தடித்த கிளைகளோடு நிற்பது இந்தச் செடியின் இயல்பு. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. செடி வாடுகிறது என்று பயந்து தினமும் தண்ணீர் ஊற்றுவார்கள், உரம் வைப்பார்கள். இலை இல்லாத செடி தண்ணீரை இழுப்பதே அபூர்வம். ஊற்றிய ஈரம் அப்படியே மண்ணில் நிற்கும், வேர் அழுகும், அழுகல் தண்டில் ஏறும். அப்போதுதான் செடி உண்மையாகவே சாகிறது.

ஆகவே, போத்து (நட்டு வளர்க்க எடுக்கும் கிளைத்துண்டு) வெட்டுவதானாலும் தண்ணீர் விடுவதானாலும் கவாத்து (வடிவத்துக்காகக் கிளை வெட்டுவது) செய்வதானாலும், முதலில் பார்க்க வேண்டியது செடி விழித்திருக்கிறதா, ஓய்வில் இருக்கிறதா என்பதைத்தான். இது பிடிபட்டால் இதைவிடச் சுலபமான பூச்செடி கிடைப்பது அரிது.

எந்த வகை என்று பாருங்கள்

ஈழத்தலரி என்று சொல்பவர்களும் உண்டு. நர்சரிகளில் புளுமேரியா என்றால் உடனே புரியும். அரளியின் குடும்பம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் இதன் சொந்த மண். அங்கே ஆண்டில் சில மாதம் நல்ல மழை, பிறகு நீண்ட வறட்சி. அந்த வறண்ட மாதங்களைத் தாண்டத்தான் இலையை உதிர்க்கிறது. சதைப்பற்றான கிளைதான் அதன் தண்ணீர்த் தொட்டி.

விற்பனையில் மூன்று வகை கண்ணில் படும். இலை நுனி கூராக இருந்தால் புளுமேரியா ரூப்ரா. சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள், மஞ்சள் மையம் கொண்ட வெள்ளை, ஒரே இதழில் மூன்று நிறம் கலந்தவை என வண்ண வகைகள் பெரும்பாலும் இதிலிருந்து வந்தவை. குளிர் மாதங்களில் இலை மொத்தத்தையும் உதிர்க்கும். இலை நுனி மழுங்கி, பளபளப்பான கரும்பச்சையாக இருந்தால் அது ஒப்டுசா. வெள்ளைப் பூ, நடுவில் சிறிய மஞ்சள். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் ஆண்டு முழுக்க இலையோடு நிற்கும். மூன்றாவது புடிகா. இதன் இலை அடியில் குறுகி நுனிப்பக்கம் அகன்றிருக்கும். வெள்ளைப் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தள்ளும், ஆனால் மணம் கிடையாது. மணத்துக்காகத்தான் செடி வைக்கிறீர்கள் என்றால் புடிகாவை வாங்கி ஏமாறாதீர்கள்.

இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுநரம்பிலிருந்து இரு பக்கமும் இணையாக ஓடும் நரம்புகள் விளிம்பைத் தொடாமல், அதற்குச் சற்று முன்பே விளிம்பை ஒட்டி ஓடும் இன்னொரு மெல்லிய நரம்பில் போய்ச் சேரும். பூ இல்லாத காலத்திலும் இதை வைத்துச் செடியை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். இலையும் இல்லாத காலத்தில் கிளையில் இருக்கும் தழும்புகள்தான் துணை: உதிர்ந்த ஒவ்வோர் இலைக்கும் ஒரு பிறை வடிவத் தழும்பு.

இனி சொல்வதெல்லாம் ரூப்ராவுக்கு. நிலத்தில் வைத்துக் கத்தி படாமல் விட்டால் 5 மீட்டரைத் தாண்டி மரமாகவே ஆகிவிடும். குடை மாதிரி பக்கவாட்டிலும் விரியும். கவாத்து செய்து வந்தால் 2.5 முதல் 3 மீட்டருக்குள் ஒரு பெரிய புதராக வைத்துக்கொள்ளலாம். வீட்டுத் தோட்டத்துக்கு அதுதான் நல்லது. பூ கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கும்.

இடம்

குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். இதில் பேரமே கிடையாது. பாதி நிழலில் வைத்தால் செடி உயிரோடிருக்கும், இலை பெரிதாக விடும், கிளை ஒல்லியாக நீளும், பூ மட்டும் வராது. சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி வையுங்கள். வேர் கட்டடத்தை உடைக்கும் ரகம் இல்லை. கிளை விரியத்தான் இடம் வேண்டும்.

காற்று நேரடியாக அடிக்கும் மூலையைத் தவிருங்கள். கிளை தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே மென்மை, சட்டென்று முறியும். ஆள் நடக்கும் பாதையை ஒட்டியும் வேண்டாம். முறிந்த கிளையிலிருந்து பால் சொட்டும், அது தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும்.

மணம் சாயங்காலத்துக்கு மேல்தான் கூடும். இரவில் பறக்கும் 'பருந்து அந்து' என்ற வகைப் பூச்சிகளை இழுக்கத்தான் அந்த மணம். பூவில் தேன் துளிகூட இல்லை, பூச்சி ஏமாந்து பூவுக்குப் பூ தாவும்போது மகரந்தம் பரவுகிறது. ஆகவே மாலையில் நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், காற்று வரும் திசையில் இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

வைக்கப்போகும் இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சில மணி நேரத்தில் வடிந்தால் நல்லது. மறுநாளும் தண்ணீர் தேங்கி நின்றால் அந்த மண்ணில் குழி நடவு வேண்டாம். ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போட்டு அதன் மேல் வையுங்கள், இல்லையென்றால் தொட்டிக்குப் போய்விடுங்கள்.

போத்து: ஒரு கிளை, கொஞ்சம் பொறுமை

செடியாக வாங்கலாம். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டு கட்டிய இடத்துக்குக் கீழே துளிர் வந்தால் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் தெரிந்தவர் வீட்டில் நல்ல நிறத்தில் பூக்கும் செடி இருந்தால் ஒரு போத்து கேட்டு வாங்குவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். தாய்ச்செடியின் நிறமும் மணமும் அப்படியே வரும். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ பூவும் பார்க்கலாம்.

எப்போது வெட்டுவது? ஓய்வு முடியப்போகும் நேரம், அதாவது குளிர் விலகி வெயில் ஏறத் தொடங்கும்போது, புதுத் துளிர் விரிவதற்கு முன். அப்போது கிளைக்குள் சேமிப்பு நிறைந்திருக்கும், பால் குறைவாக வடியும், வேர்விடத் தேவையான மண்சூடும் அடுத்து வரப்போகிறது. குளிர் தொடங்கும்போது வெட்டிய போத்து மாதக்கணக்கில் சும்மா இருக்கும், பாதிக்கு மேல் அழுகும்.

எதை வெட்டுவது? பச்சை நிறத்தில் வழுவழுப்பாக இருக்கும் இளங்கிளை வேண்டாம். சாம்பல் நிறத்துக்கு மாறி, கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாத, வளர்நுனி சேதமில்லாத கிளையாக 30 முதல் 45 சென்டிமீட்டர் நீளம் எடுங்கள். கத்தியையோ கவாத்துக் கத்தரியையோ முதலில் ஸ்பிரிட்டால் துடையுங்கள். கையுறை போடுங்கள், கண்ணாடி இருந்தால் அதையும். வெட்டியதும் இரு முனையிலும் வெள்ளைப் பால் முத்துமுத்தாகக் கிளம்பி ஒழுகும். துணியில் பட்டால் கறை போகாது. தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கிளையில் இலை இருந்தால் காம்பில் ஒரு சென்டிமீட்டர் விட்டு மீதியை நறுக்கிவிடுங்கள். பூங்கொத்து இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்; மனசு வராது, ஆனாலும் எடுங்கள். வேர் இல்லாத போத்துகூடச் சேமிப்பில் இருப்பதைச் செலவழித்துப் பூத்துவிடும், பிறகு வேர்விடத் தெம்பு இருக்காது.

இப்போது புதியவர்கள் தவறவிடும் படி: காய வைப்பது. வெட்டிய அன்றே மண்ணில் குத்தாதீர்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒன்றிலிருந்து இரண்டு வாரம் சும்மா சாய்த்து வையுங்கள். வெட்டுவாயில் பால் உறைந்து, பிறகு அந்த வட்டம் முழுதும் இறுகி, தொட்டால் கட்டை மாதிரி காய்ந்திருக்க வேண்டும். கிளை லேசாகச் சுருங்கும், பயப்பட வேண்டாம். இந்தக் காய்ந்த வாய்தான் மண்ணிலுள்ள பூஞ்சை உள்ளே போகாமல் தடுக்கிறது.

நடுவதற்கு ஒரு நடுத்தர நர்சரிப் பை போதும். பாதி ஆற்றுமணல் அல்லது பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைத் துகள்), பாதி தேங்காய் நார்த்தூள். உரம் எதுவும் சேர்க்காதீர்கள். வேர் இல்லாதபோது உரம் அழுகலுக்குத்தான் உதவும். போத்தை 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி, ஆடாமல் ஒரு குச்சியில் கட்டுங்கள். ஆடினால் புதிதாக வரும் வேர் அறுந்துபோகும். நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அதோடு சரி. பிறகு மேல்மண் நன்கு காய்ந்து, பையைத் தூக்கினால் எடையே இல்லாமல் இருந்தால் மட்டும் கொஞ்சம் விடுங்கள். மழை படாத, வெளிச்சமும் சூடும் உள்ள இடம். கடும் வெயில் முதலில் வேண்டாம்.

வேர்விட ஆறிலிருந்து பத்து வாரம் ஆகலாம். இழுத்துப் பார்க்காதீர்கள். நுனியில் துளிர் தெரிந்ததும் வேர் வந்துவிட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம். முதல் இரண்டு இலையைப் போத்து தன் சேமிப்பிலிருந்தே விடும். மூன்று நான்கு இலைகள் முழு அளவுக்கு விரிந்து, வெயிலிலும் துவளாமல் நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அன்றிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கூட்டலாம்.

இடையில் அடிப்பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிம்மதி. மெத்தென்று அமுங்கினால் உடனே பிடுங்கி, அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் இன்னும் ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள், வெள்ளை வரும்வரை. பிறகு மறுபடி காய வைத்து மறுபடி நடுங்கள். பாதி நீளம் மிஞ்சினாலும் பிழைக்கும்.

நிலத்தில் நடவு

போத்து வேர்பிடித்துக் குறைந்தது ஒரு வளர்பருவம் பையிலேயே இருக்கட்டும். வெயில்காலத் தொடக்கத்தில் இடம் மாற்றுங்கள். வேர்க்கட்டியைவிட இரு மடங்கு அகலத்தில் குழி. ஆழம் வேர்க்கட்டி அளவே போதும். தோண்டிய மண்ணோடு மணலும் மக்கிய தொழுஉரமும் கலந்து நிரப்புங்கள். களிமண்ணானால் மணலைக் குழிக்குள் மட்டும் கொட்டுவதில் பயனில்லை, சுற்றியுள்ள களிமண்ணிலிருந்து தண்ணீர் குழிக்குள் வந்து தேங்கும். அங்கே முன்பு சொன்ன மேடுதான் வழி. பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம். தண்டை மண்ணில் புதைக்காதீர்கள். மூடாக்கு (மண்ணை மூடும் சருகு, வைக்கோல்) போடுவதானால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

முதல் ஆண்டு ஒரு கம்பு ஊன்றிக் கட்டிவிடுங்கள். செடியின் தலை கனம், வேர் ஆழமில்லை.

தண்ணீர்: ஆண்டின் போக்கு

துளிர் விரியத் தொடங்கும்போது தண்ணீரை மெல்ல ஆரம்பியுங்கள். இலை முழுதாக விரிந்து, பூங்கொத்து தலைகாட்டும் கோடையில் செடி நன்றாகக் குடிக்கும். நிலத்தில் உள்ள இளஞ்செடிக்கு வாரம் இரண்டு முறை, வேர் பிடித்து நின்ற பெரிய செடிக்கு வாரம் ஒரு முறை ஆழமாக விட்டால் போதும். நாள் கணக்கைவிட விரலை நம்புங்கள்: இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்று வேண்டாம். மழைக்காலத்தில் மழை பார்த்துக்கொள்ளும்; நீங்கள் வடிகாலை மட்டும் பாருங்கள்.

பகல் குறைந்து இரவு குளிரத் தொடங்கியதும் அடி இலைகள் மஞ்சளாகும். அதுதான் செடி தரும் அறிவிப்பு. இங்கே தண்ணீரைக் குறையுங்கள். பாதிக்கு மேல் இலை விழுந்ததும் நிலத்துச் செடிக்கு அடியோடு நிறுத்துங்கள். தொட்டிச் செடியானால் கிளை மிகவும் சுருங்கித் தெரிந்தால் மட்டும் மாதம் ஒரு முறை ஒரு குவளை. லேசான சுருக்கம் இயல்பு, துளிர்காலத்தில் தானாக நிரம்பிவிடும். செடி உயிரோடிருக்கிறதா என்ற சந்தேகம் தீரவில்லையா? கிளையை அழுத்துங்கள், கெட்டியாக இருக்கும். நகத்தால் தோலை லேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரியும், பாலும் கசியும். அவ்வளவு போதும், விட்டுவிட்டு வாருங்கள்.

வெயில்காலத்தில், நன்றாக வளர வேண்டிய நேரத்தில் இலை கொட்டினால் அது ஓய்வு இல்லை. துரு நோயோ செம்பேனோ வேர் அழுகலோ காரணமாக இருக்கும், கீழே பாருங்கள்.

எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் செடியே சொல்லும். கிளை நுனியில் இலைமொட்டு கூராக நீண்டு, பளபளப்பாக, கெட்டியாக எழும். அது விரிந்து விரல் நீள இலையானதும் முதல் தண்ணீர். காலண்டரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

உரம்

இலை வந்த பிறகு ஆரம்பித்து, இலை கொட்டுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்துங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை மக்கிய தொழுஉரமோ மண்புழு உரமோ இரண்டு கைப்பிடி, கூடவே கொஞ்சம் எலும்புத்தூள், வேப்பம் பிண்ணாக்கு. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த யூரியா போன்றவை வேண்டாம். கிளை நீண்டு இலையாகப் பொங்கும், பூ தள்ளிப்போகும். பூக்கச் செய்யும் என்று மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிக அதிகமான கலவைகளைத் தொடர்ந்து கொட்டுவதும் நல்லதல்ல, மண்ணில் தேங்கி இரும்பு, துத்தநாகம் கிடைக்கவிடாமல் செய்யும். பழைய இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு. புது இலைகளில் அப்படியானால் இரும்பு.

கவாத்து

இந்தச் செடி பூப்பது கிளை நுனியில்தான். ஒரு நுனியில் பூங்கொத்து வந்ததும் அந்த நுனியின் நீள வளர்ச்சி நின்று, அடியில் இரண்டோ மூன்றோ கிளை பிரியும். அவை வளர்ந்து அவற்றின் நுனியில் மறுபடி பூ. ஆகவே கிளை எத்தனையோ அத்தனை பூங்கொத்து. ஒற்றைத் தண்டாக மேலே போய்க்கொண்டே இருக்கும் இளஞ்செடியை இடுப்பளவில் வெட்டினால் அந்த வெட்டுவாய்க்குக் கீழே மூன்று நான்கு கிளை வெடிக்கும். புதர் வடிவத்துக்கு அதுதான் தொடக்கம்.

ஆனால் வெட்டிய கிளையில் அந்தப் பருவத்தில் பூ வராது என்பதை மனதில் வையுங்கள். எல்லாக் கிளையையும் ஒரே ஆண்டில் வெட்டினால் ஓராண்டு பூவையே இழப்பீர்கள். மூன்றில் ஒரு பங்கு இந்த ஆண்டு, இன்னொரு பங்கு அடுத்த ஆண்டு என்று போங்கள். ஓய்வின் கடைசியில், துளிருக்கு முன், வெயிலுள்ள நாளில் வெட்டுங்கள். வெட்டு சாய்வாக இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. ஒன்றோடொன்று உரசும் கிளைகள், உள்நோக்கி வளர்பவை, காய்ந்து கறுத்த நுனிகள் இவை முதலில் போகட்டும். எங்கே வெட்டினாலும் வெட்டுமுகம் வெள்ளையாக வரும்வரை இறங்க வேண்டும் என்பது இங்கேயும் பொருந்தும். மழைநாளில் வெட்டாதீர்கள். வெட்டிய கிளைகளை எறியாதீர்கள், அத்தனையும் போத்து, கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

பூக்கவே மாட்டேன் என்கிறதா?

வெயிலை முதலில் சந்தேகியுங்கள், பெரும்பாலும் அதுதான். பக்கத்து மரம் வளர்ந்து நிழல் விழ ஆரம்பித்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அடுத்தது தழைச்சத்து. போன ஆண்டு வெட்டியிருந்தால் இந்த ஆண்டு பொறுங்கள். விதையிலிருந்து வந்த செடியானால் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். மொட்டு வந்து விரியாமல் உதிர்ந்தால் தண்ணீர் ஒழுங்கில்லை: காயப்போட்டு, பிறகு ஒரேயடியாக ஊற்றுவது.

நோயும் பூச்சியும்

துரு நோய்தான் இந்தச் செடிக்குப் பெரும்பாடு. இலையைத் திருப்பினால் அடிப்புறம் ஆரஞ்சு நிறப் பொடி, விரலால் தொட்டால் மஞ்சள்தூள் ஒட்டியதுபோல் ஒட்டும். மேற்புறத்தில் அதே இடங்களில் மஞ்சள் புள்ளிகள். கோலியோஸ்போரியம் புளுமேரியே என்ற பூஞ்சை. இது செடியைக் கொல்லாது, ஆனால் இலையைப் பருவத்துக்கு முன்பே கொட்ட வைத்துத் தெம்பைக் குறைக்கும். விழுந்த இலைகளைத் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள், செடியின் அடியில் மக்க விடாதீர்கள். இலை மேல் தண்ணீர் தெளிக்காமல் அடியில் மட்டும் விடுங்கள். உள்கிளைகளைக் களைந்து காற்றோட்டம் கொடுங்கள். அதிகமானால் கந்தகம் அல்லது செம்பு சார்ந்த பூஞ்சைக்கொல்லியை உறையில் சொன்ன அளவில், மாலை வேளையில் தெளிக்கலாம். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகும். கடும் வெயில் நாட்களிலும் கந்தகம் வேண்டாம். இலையுதிர்ந்து நிற்கும் ஓய்வுக்காலம் துரு நோய்க்கு ஒரு வகையில் நல்ல வாய்ப்பு: அடியில் கிடக்கும் இலைகளை ஒன்றுவிடாமல் கூட்டிவிட்டால் அடுத்த பருவம் சுத்தமாக ஆரம்பிக்கும்.

மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சாக நுனியிலும் இலைக்காம்பிலும் அடையும். எறும்பு ஏறுகிறதா பாருங்கள். எறும்புதான் அதைக் காத்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும். வேகமான தண்ணீரில் அடித்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து வாரம் ஒரு முறை தெளியுங்கள். கோடையில் இலை வெளிறி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் செம்பேன். அதற்கும் இதே வைத்தியம், இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும்.

தண்டு அழுகலுக்கு மருந்து கத்திதான். அழுகிய பகுதியை வெள்ளை தெரியும்வரை வெட்டி எடுங்கள். அடித்தண்டே போய்விட்டால் மேலே நல்ல கிளைகளைப் போத்தாக்கிப் புதிதாகத் தொடங்குங்கள்.

தொட்டியும் குளிர் நாடும்

தொட்டியில் அழகாக வளரும். 30 சென்டிமீட்டர் மண்தொட்டியில் ஆரம்பித்து இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஒரு அளவு பெரிதாக மாற்றுங்கள். சின்னச் செடியை முதலிலேயே பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரத்திலேயே கிடக்கும். கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள்.

குளிர் கடுமையான நாடுகளில் இருப்பவர்களுக்கு இலை உதிர்க்கும் இந்த இயல்பு பெரிய வரம். இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது தொட்டியை உள்ளே எடுங்கள். உறைபனி பட்டால் நுனி கறுத்துப்போகும். இலை உதிர்ந்த செடிக்கு வெளிச்சம் தேவையில்லை. உறையாத ஒரு மூலையில், இருட்டிலேயே, தண்ணீர் இல்லாமல் குளிர்காலம் முழுக்க வைக்கலாம். இடமில்லையென்றால் தொட்டியிலிருந்து பிடுங்கி, மண்ணை உதறி, வேரோடு காகிதத்தில் சுற்றி வைப்பவர்களும் உண்டு. வெயில் திரும்பியதும் மறுபடி நடுவார்கள். வெளியே எடுக்கும்போது ஒரேயடியாக வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் நிழலில் பழக்குங்கள், இல்லையென்றால் தண்டில் வெயில் காயம் விழும்.

விதை

காய் பிடிப்பது அபூர்வம். பிடித்தால் இரண்டு நீண்ட காய்கள் அடியில் ஒட்டி, எதிரெதிராக நீளும். முற்ற எட்டு பத்து மாதம் ஆகும். பழுப்பாகி வெடிக்கத் தொடங்குவதற்கு முன் வலைத்துணி கட்டிவிடுங்கள், சிறகுள்ள விதைகள் காற்றில் போய்விடும். தடித்த முனை கீழே, சிறகு மண்ணுக்கு வெளியே லேசாகத் தெரியும்படி மணல் கலந்த நார்த்தூளில் செருகினால் ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். பூ தாயின் நிறத்திலேயே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நிறம் பிடிக்காமல் போனாலும் அந்தச் செடி வீணில்லை. அதன் தண்டில் வேண்டிய வகையின் நுனியை ஒட்டுக்கட்டிக்கொள்ளலாம், அதற்கும் உகந்த நேரம் ஓய்வு முடிந்து துளிர் அசையும் அந்தச் சில வாரங்கள்தான்.